ஹிஸ்டரி அறிக்கையையும் கூண்டில் ஏற்றுங்கள்

விசாரணை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களுக்கு, அரசுத் தரப்பில் நிற்பவர்களுக்கும் எதிரிக்காக வக்காலத்துப் போட்டவர்களுக்கும் சேர்த்தே, வணக்கம்.

கணினித் தடயவியல் என் தொழில். கைப்பற்றிய ஹார்ட் டிஸ்க்கைப் படியெடுத்து, அதில் பிரௌசர் விட்டுச் சென்றவற்றைத் தேடி எடுத்து அறிக்கையாக்கித் தருவது அந்த வேலையில் ஒரு பகுதி. அந்த அறிக்கை உங்கள் கைக்கு வந்தபின் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். கொலையோ, வரதட்சணை மரணமோ, பண மோசடியோ, இன்று வழக்குக் கட்டின் கடைசியில் ‘பிரௌசர் ஹிஸ்டரி’ என்று ஒரு இணைப்பு வந்துவிடுகிறது. தேதி, நேரம், இணைய முகவரி, எத்தனை முறை என்று கட்டம் போட்ட அட்டவணை. அரசு வழக்கறிஞர் தமக்கு வேண்டிய இரண்டு வரிகளில் கோடு போட்டுக்கொள்கிறார். எதிரி தரப்பு வழக்கறிஞர் ‘இந்தக் கணினியை வீட்டில் எல்லோரும்தானே பயன்படுத்துவார்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அட்டவணை சரிதானா என்று இருவருமே கேட்பதில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையை வரிக்கு வரி மடக்கும் நீங்கள், ஒரு மென்பொருள் அச்சிட்டுத் தந்த தாளை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிடுகிறீர்கள்?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: கேசி ஆன்டனி. இரண்டு வயது மகள் கேய்லி 2008 ஜூன் மாத நடுவில் காணாமல் போனாள். டிசம்பரில் எலும்புகள் கிடைத்தன. தாய்மீது கொலை வழக்கு. 2011 மே மாதம் சாட்சி விசாரணை தொடங்கியது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. குளோரோஃபார்ம் கொடுத்துக் குழந்தை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. அதற்குத் துணையாக வந்தது வீட்டுக் கணினியின் ஹிஸ்டரி. 2008 மார்ச்சில் குளோரோஃபார்ம் பற்றிய ஒரு வலைப்பக்கத்தை யாரோ 84 முறை பார்த்திருக்கிறார்கள் என்றது அறிக்கை. ஒரு முறை பார்த்தால் ஆர்வம் என்று சொல்லிவிடலாம். 84 முறை என்றால் திட்டம். அரசுத் தரப்பு அந்த எண்ணைச் சாட்சி விசாரணையில் பிடித்துக்கொண்டது.

அந்த எண் கேஷ்பேக் என்ற மென்பொருள் தந்தது. அதை எழுதியவர் கனடாவைச் சேர்ந்த ஜான் பிராட்லி. அவரே வந்து சாட்சியும் சொன்னார். ஆனால் அதே கோப்பை ஷெரீஃப் அலுவலகத்தினர் 2008 ஆகஸ்டிலேயே நெட்அனலிசிஸ் என்ற இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்த்திருந்தார்கள். அது சொன்ன எண்ணிக்கை ஒன்று. 84 என்ற எண் அந்த அறிக்கையிலும் இருந்தது, மைஸ்பேஸ் தளத்துக்கு எதிரே. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பற்றை மளிகைக்கடைக்காரர் நம் பெயரில் எழுதிவிட்டது போல, மைஸ்பேஸின் எண்ணிக்கை குளோரோஃபார்ம் பக்கத்தின் தலையில் விழுந்திருந்தது. எதிரி தரப்பு வழக்கறிஞர் ஹோசே பேயஸ் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டார். அந்த முரண்பாட்டுக்குப் பிறகு பிராட்லி தன் மென்பொருளைத் திருத்தி எழுதி மறுபடி ஓட்டிப் பார்த்தார்; ஒரு முறைதான் என்று வந்தது. அதை அரசுத் தரப்பிடம் தெரிவித்தார். தன் படைப்பில் பிழை என்று தானே போய்ச் சொன்ன மனிதர் என்பதால் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஜூலை 5-ஆம் தேதி ஜூரி கொலைக் குற்றச்சாட்டிலிருந்து கேசியை விடுவித்தது. அதன் பிறகுதான் நியூயார்க் டைம்ஸ் வழியாக இந்த விவரம் ஊருக்குத் தெரிந்தது. தீர்ப்பு வேறு விதமாக வந்திருந்தால், ஒரு மரண தண்டனை வழக்கில் அந்தத் தவறான 84-க்கு என்ன பங்கு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிழை எங்கிருந்து வந்தது? அன்றைய ஃபயர்ஃபாக்ஸ் தன் ஹிஸ்டரியை மோர்க் என்ற வடிவத்தில் எழுதிவந்தது. நெட்ஸ்கேப் காலத்துச் சரக்கு. நிரலாளர் ஜேமி ஜாவின்ஸ்கி அதை வெளிப்படையாகத் திட்டித் தீர்த்திருக்கிறார். படித்துப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்பு. உள்ளே முகவரிகளும் தலைப்புகளும் ஓரிடத்தில் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கும். வருகைப் பதிவுகள் வேறிடத்தில் அந்த எண்களைச் சுட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: ஒரே ஒரு முறை பார்த்த பக்கத்துக்கு எண்ணிக்கையே எழுதப்படாது. இரண்டாம் முறை போனால்தான் அந்தப் புலம் பிறக்கும். அதாவது எண் இல்லை என்றால் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாத மென்பொருளோ, பதிவின் எல்லையைத் தவறாகப் பிரித்த மென்பொருளோ எந்த எண்ணை எடுத்து எதில் ஒட்டும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு ஆர்லாண்டோவில் அந்தக் கோப்பு அழிக்கப்பட்டு, டிஸ்க்கின் ஒதுக்கப்படாத பகுதியிலிருந்து மீட்கப்பட்டது. இரண்டு மென்பொருள்களுமே அதை முழுமையாகப் பிரித்துப் படிக்கவில்லை என்று பிராட்லி பின்னர் சொன்னார். அதாவது, சரியான விடை தந்த டூல்கூட அவர் கணக்கில் முழுக்கச் சரியில்லை.

எதிரி தரப்பினர் இதைப் படித்து மகிழ்வதற்குள் அதே வழக்கின் மறுபாதியைச் சொல்லிவிடுகிறேன். 2012 நவம்பரில் ஆர்லாண்டோ தொலைக்காட்சி ஒன்று இன்னொரு செய்தியை வெளியிட்டது. குழந்தை கடைசியாக உயிரோடு காணப்பட்ட 2008 ஜூன் 16 அன்று, அதே கணினியில், தவறாமல் மூச்சுத் திணறவைக்கும் வழி பற்றி யாரோ தேடியிருந்தார்கள். புலன் விசாரணையில் அது கண்ணிலேயே படவில்லை. அந்த நாளுக்கு ஷெரீஃப் அலுவலகம் எடுத்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஹிஸ்டரியை மட்டும். கிடைத்தவை தெளிவில்லாத 17 பதிவுகள். கேசி வழக்கமாகப் பயன்படுத்திய ஃபயர்ஃபாக்ஸில் 1,200-க்கும் மேற்பட்ட பதிவுகள் பார்க்கப்படாமலே கிடந்தன. பேயஸுக்கு அந்தத் தேடல் முன்பே தெரிந்திருந்தது. அரசுத் தரப்பு எப்போது கொண்டுவரப் போகிறது என்று காத்திருந்ததாகவும், தேடியது கேசி அல்ல என்றும் அவர் தரப்பு சொன்னது. இல்லாத 84-ஐப் பிடித்துக்கொண்டு, இருந்த ஒரு பதிவைத் தவறவிட்டது அரசுத் தரப்பு. அரசு வழக்கறிஞர்களே, புலன் விசாரணை அதிகாரியிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அந்தக் கணினியில் எத்தனை பிரௌசர்கள் இருந்தன, எல்லாவற்றையும் பார்த்தாயிற்றா? ஒரே குரோமில் இரண்டு மூன்று ப்ரொஃபைல்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி ஹிஸ்டரிக் கோப்பு உண்டு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மோர்க் போய்விட்டது. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-லிருந்து எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம்தான். குரோமும் அதையே பயன்படுத்துகிறது. ‘ஹிஸ்டரி’ என்ற பெயரில் ஒரு கோப்பு. ஆப்பிளின் சஃபாரியும் அப்படியே. பழைய எக்ஸ்புளோரர் மட்டும் இன்டெக்ஸ்.டாட் என்ற தன் சொந்த வடிவத்தில் எழுதியது. பதிப்பு 10-லிருந்து வெப்கேஷ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாறியது. அந்தக் காலத்தைவிட இன்று கோப்புகளைப் படிப்பது எளிது. ஆனால் படிப்பது எளிதானதாலேயே, படித்ததன் பொருள் என்ன என்று கேட்பது குறைந்துவிட்டது.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் நேரத்தை 1601 ஜனவரி 1 முதல் கடந்த மைக்ரோ வினாடிகளாக எழுதிவைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 1970 ஜனவரி 1 முதல். சஃபாரி 2001 ஜனவரி 1 முதல் வினாடிகளில். மூன்றும் உலகப் பொது நேரம். இந்திய நேரம் எதிலும் இல்லை. அட்டவணையில் நீங்கள் பார்க்கும் மணியும் தேதியும் மென்பொருள் கணக்குப் போட்டு மாற்றித் தந்தவை. மாற்றும்போது நேர மண்டலத்தை ஆய்வாளர் சரியாக அமைக்காவிட்டால் ஐந்தரை மணி நேரம் பின்னுக்குப் போகும். இரவு 11.45-க்குப் பார்த்த பக்கம் மாலை 6.15 என்று அச்சாகும். 10-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு நடந்தது 9-ஆம் தேதி இரவு 8.30 ஆகிவிடும். எதிரி அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தாரா, வீட்டில் இருந்தாரா என்பதில் வழக்கே நிற்கும்போது இது சின்ன விஷயமா? அறிக்கையின் முதல் பக்கத்தில் நேர மண்டலம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே பிடியுங்கள். கணினியின் கடிகாரம் கைப்பற்றிய அன்று சரியாக ஓடியதா என்பது அதற்கடுத்த கேள்வி. நல்ல ஆய்வாளர் அதைக் குறித்து வைத்திருப்பார்.

‘எத்தனை முறை’ என்ற கட்டத்துக்கு வருவோம். குரோமில் ஒரு முகவரிக்கு மொத்த எண்ணிக்கை ஓர் அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு வருகையும் தனி வரியாக இன்னொரு அட்டவணையில் இருக்கும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. பக்கத்தை ரீலோட் செய்தால் தனி வரி எழுதப்படும், மொத்த எண்ணிக்கையில் அது கூட்டப்படாது. முந்தைய நாள் திறந்து விட்ட டேபுகளைப் பிரௌசர் மறுநாள் தானாக மீட்டெடுப்பதும் ரீலோட் வகையில்தான் சேரும். ஆகவே காலை 9 மணிக்கு ஒரே வினாடியில் பதினைந்து பக்கங்கள் பார்க்கப்பட்டதாக வரிகள் இருந்தால், எதிரி பதினைந்து பக்கங்களைத் தேடிப் போனார் என்று வாதிடாதீர்கள். பிரௌசர் திறக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருகைக்கும் அது எப்படி நேர்ந்தது என்ற குறியும் குரோமில் உண்டு. லிங்க்கைச் சொடுக்கி வந்ததா, முகவரிப் பட்டையில் தட்டியதா, தேடலா, படிவம் அனுப்பியதா, ஒரு தளம் இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டதா என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். பல டூல்கள் அச்சிடும் சுருக்க அறிக்கையில் இந்தக் குறி வராது, கேட்டால்தான் வரும். வந்தாலும் கவனம் தேவை. ‘டைப்ட்’ என்று இருந்தால் எழுத்தெழுத்தாகத் தட்டினார் என்று பொருள் கொள்ளக் கூடாது. இரண்டு எழுத்து அடித்ததும் பிரௌசர் காட்டிய பரிந்துரையைத் தேர்ந்தாலும் அதே குறிதான். இன்னொரு பக்கம், முகவரிப் பட்டையில் அடித்த அரைகுறை எழுத்துகளையும் அதன் மூலம் போன முகவரியையும் குரோம் வேறொரு கோப்பில் சேர்த்து வைக்கிறது. அரசுத் தரப்புக்குச் சில வழக்குகளில் ஹிஸ்டரியைவிட அதுவே உதவும். அதைக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம்.

சிங்க் வேறு இருக்கிறது. ஒரே கூகுள் கணக்கில் கைபேசியும் மடிக்கணினியும் இணைந்திருந்தால், கைபேசியில் பார்த்தது மடிக்கணினியின் ஹிஸ்டரியிலும் வந்து உட்காரும். எந்த வருகை இந்தச் சாதனத்தில் நடந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லும் தகவல் கோப்பின் உள்ளேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல், மடிக்கணினி எதிரியின் வீட்டில் இருந்தது, ஆகவே வீட்டிலிருந்துதான் தேடினார் என்று குற்றப்பத்திரிகை எழுதினால் குறுக்கு விசாரணையில் கவிழ்ந்துவிடும். கவிழவும் வேண்டும்.

விண்டோஸின் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். எக்ஸ்புளோரரின் ஹிஸ்டரியில் இணைய முகவரிகளோடு கணினியில் திறந்த சொந்தக் கோப்புகளும் பதிவாகும். ‘ஃபைல்’ என்று தொடங்கும் வரிகள் அவை. மேசையில் இருந்த வேர்டு ஆவணத்தைத் திறந்தாலும் ஹிஸ்டரியில் வரும். எல்லா பிரௌசர்களையும் ஒரே அட்டவணையில் கலந்து தரும் டூல்களில் இந்த வரிகளும் கூடவே நிற்கும். இணையத்திலிருந்து எடுத்தார் என்று அதைக் காட்டி வாதிடுவது தவறு. ஒரு பென் டிரைவ் செருகப்பட்டதற்கு அது சாட்சியாகலாம், அது வேறு கதை.

ஒரு முகவரி கணினியில் இருப்பதும் ஒருவர் அதைத் தேடிப் போனதும் ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்காவிலேயே இன்னொரு வழக்கு உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்ற ஊர். 2004 அக்டோபரில் ஜூலி அமேரோ என்ற பதிலி ஆசிரியை வகுப்பறையில் இருந்தபோது கணினித் திரையில் ஆபாசப் படங்கள் வரிசையாகத் தோன்றின, மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். விண்டோஸ் 98 ஓடிய பழைய கணினி. வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமம் காலாவதி. உள்ளே உளவு நிரல்கள். சிகையலங்காரம் பற்றிய ஒரு தளத்திலிருந்து பாப்-அப் ஜன்னல்கள் மூடமூடத் திறந்துகொண்டிருந்தன. காவல்துறை ஒரு மென்பொருளை ஓட்டி, ஆபாச முகவரிகளைப் பட்டியலிட்டு, அவர் வேண்டுமென்றே சொடுக்கிப் போனார் என்றது. கணினியில் உளவு நிரல்கள் இருந்தனவா என்று தேடவே இல்லை. 2007 ஜனவரியில் நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 40 ஆண்டுவரை சிறைக்கு இடமிருந்தது. நாடெங்கிலும் இருந்து கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் சம்பளமில்லாமல் அந்த டிஸ்க்கை மறுபடி ஆராய்ந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 2008 நவம்பரில் சிறு குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு, 100 டாலர் அபராதம் கட்டி, ஆசிரியர் உரிமத்தையும் இழந்து அந்தப் பெண் வெளியே வந்தார். அவருக்குக் கிடைத்தது நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகவரிகள் கணினியில் இருந்தது உண்மை. அவற்றை யார் வரவழைத்தது என்பதை அந்தப் பட்டியல் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

‘இரண்டு டூல்களில் ஓட்டிச் சரிபார்த்தோம்’ என்று ஆய்வாளர் சாட்சி சொன்னால் சிலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு டூல்கள் நல்லதுதான். ஆர்லாண்டோவில் முரண்பாடு வெளியே வந்ததே அப்படித்தான். ஆனால் அங்கே இரண்டு விடைகள் கையில் இருந்தும், ஏன் வேறுபடுகின்றன என்று கோப்பைத் திறந்து பார்க்காமல் பெரிய எண் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தவிர, வேறு வேறு நிறுவனங்களின் டூல்கள் உள்ளே ஒரே நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினால் இரண்டும் ஒரே தவறைச் செய்யும். ஆய்வாளர் முக்கியமான அந்த ஒரு பதிவையாவது மூலக் கோப்பில் கண்ணால் பார்த்தாரா என்று கேளுங்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. எஸ்கியூலைட் கோப்பைத் திறக்கும் மென்பொருள் இலவசம். குரோமுக்கு ரயன் பென்சன் எழுதிய ஹைண்ட்சைட் இலவசம். அதன் மூல நிரலையே யாரும் படித்துப் பார்க்கலாம். நிர்சாஃப்ட்டின் பிரௌசிங் ஹிஸ்டரி வியூ இலவசம். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் டூல்கள் வேகமாக வேலை செய்யும், அழகாக அச்சிடும். தனி ஒரு பதிவைச் சரிபார்க்க அவை தேவையில்லை.

அழித்துவிட்டு மீட்ட பதிவென்றால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். தரவுத்தளத்தில் நீக்கிய வரி உடனே மறைவதில்லை, காலியிடத்தில் கிடக்கும். டூல் அதைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டும்போது ஒரு பதிவின் முகவரியும் வேறொன்றின் நேரமும் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. மீட்டது எது, கோப்பில் முறையாக இருந்தது எது என்று அறிக்கை பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் ஹிஸ்டரியில் இல்லை என்பதையும் அளவோடுதான் பேச வேண்டும்: குரோம் 90 நாளுக்கு மேற்பட்டதைத் தானே கழித்துவிடும். மூன்று மாதத்துக்கு முந்தைய தேடல் இல்லாததை வைத்து, எதிரி தடயத்தை அழித்தார் என்று வாதிட்டால் அது நிற்காது.

நம் சட்டத்தில் உங்கள் கையில் இருப்பவை போதுமானவை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதி அதைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், மறு பகுதி நிபுணர் தர வேண்டும். ஹாஷ் மதிப்பும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த ஹாஷ் எதனுடையது? ஹார்ட் டிஸ்க்கின் படியினுடையதா, டூல் உருவாக்கிய பி.டி.எஃப். அறிக்கையினுடையதா? அறிக்கையின் ஹாஷ் சரியாக இருந்தால் அந்த அறிக்கை திருத்தப்படவில்லை என்றுதான் ஆகும். தவறான 84-க்கும் மிகச் சரியான ஹாஷ் போட்டுத் தர முடியும். சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்ற சண்டையில் செலவிடும் உழைப்பில் பாதியையாவது இந்தக் கேள்விக்குத் தாருங்கள்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு, மின்னணுச் சாதனம் யார் யார் கைக்குப் போனது என்ற வரிசையையும் இறுதி அறிக்கையில் சொல்லச் சொல்கிறது. அதைப் படியுங்கள். கைப்பற்றிய பிறகு யாராவது அந்தக் கணினியைத் திறந்து ‘சும்மா பார்த்திருந்தால்’, அன்றைய தேதியில் ஹிஸ்டரியிலேயே அது தெரியும். கைப்பற்றிய மகஜரின் தேதிக்குப் பின் வருகைகள் இருக்கின்றனவா என்று அட்டவணையின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.

எதிரி தரப்பில் நிற்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கேரளத்தின் பி. கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில், நடிகர் திலீப் மனுதாரராக இருந்த அந்த வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மெமரி கார்டின் உள்ளடக்கம் ஆவணமே என்று சொன்னது. அரசுத் தரப்பு அதை நம்பி வழக்கு நடத்தினால் எதிரிக்குக் குளோன் படி பெற உரிமை உண்டு என்பது அதன் பொது விதி. பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி அந்த வழக்கில் மட்டும் பார்வையிட அனுமதி போதும் என்றது. ஆகவே அச்சிட்ட அட்டவணையை வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள். குற்றப்பத்திரிகை நகல் வரும்போதே, அறிக்கை தயாரித்த டூலின் பெயர், பதிப்பு எண், நேர மண்டல அமைப்பு, டிஸ்க்கின் குளோன் படி ஆகியவற்றைக் கேட்டு மனுப் போடுங்கள். சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடத்துகிறார் என்ற பெயர்தான் மிஞ்சும். அரசு வழக்கறிஞர்கள் அந்த மனுவை எதிர்க்காமல் ஒத்துழையுங்கள். உங்கள் ஆய்வாளர் சரியாகச் செய்திருந்தால் உங்களுக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
கணினித் தடயவியல் ஆய்வாளர் ஒருவர்